சிலிண்டரா, குழாய் எரிவாயுவா? கசிந்தால் எது ஆபத்து

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு, கசிந்த வாயு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனமானவை, அதனால் தரையோடு தவழ்ந்து சமையல் மேடைக்கு அடியில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். குழாயில் வருவது மீத்தேன். காற்றைவிட லேசானது, மேலே எழுந்து ஜன்னல் வழியே கலைந்துவிடும். பற்றிக்கொள்ள 5 சதவீதமாவது சேர வேண்டும்.

அதனால் என் ஓட்டு குழாய்க்குத்தான். ஆனால் ஒன்று: மேலே திறப்பு இல்லாத சமையலறையில் மீத்தேன் கூரைக்கடியில் சேர்ந்து நிற்கும். கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அடைத்து வைத்திருந்தால், தயவுசெய்து முதலில் அதைத் திறந்துவிடுங்கள்.

சிலிண்டர் என்றால் 14.2 கிலோ வாயு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழாயில் அந்தச் சேமிப்பு இல்லை. ஆனால் வால்வை மூடும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும். அந்த வால்வு எங்கே, எப்படி மூடுவது என்று தாத்தா பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கும்முன் குழாய் போகும் தடத்தையும் பாருங்கள்.

ரப்பர் ட்யூப் இரண்டுக்கும் பொது. அதில் விரிசல் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை போதும், தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வாயுவை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்த அப்புறம் போன் செய்யுங்கள். சிலிண்டருக்கு 1906, குழாய்க்கு உங்கள் எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்.