நேரலையில் வாசிப்பதா, பதிவு செய்து அனுப்புவதா?

எங்கள் கிளாசிக்கல் கிட்டார் குழுவில் பதினோரு பேர். யாருக்கும் கிட்டார் பிழைப்பு இல்லை. ஒருவர் மஸ்கட்டில் கணக்கு எழுதுகிறார், ஒருவர் கீழக்கரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் வாத்தியார். மாதா கோயில் பாடகர் குழுவில் ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டாரில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்துக்கொண்டிருந்தவன், நாற்பது வயதுக்கு மேல் நைலான் ஸ்ட்ரிங் போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு மாறினேன். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எட்டரைக்கு (மஸ்கட்டில் அப்போது ஏழு) வீடியோ காலில் கூடுவோம். ஆளுக்கு ஓர் உருப்படி. நேரலையிலும் வாசிக்கலாம், முன்கூட்டியே பதிவு செய்து இணைப்பையும் அனுப்பலாம்.

நான்கு முறை நேரலையில் வாசித்தேன். அப்புறம் ஆறு மாதமாகப் பதிவுதான். இனி மாறுவதாக இல்லை.

நெட் விட்டுவிட்டு வரும், கரண்ட் போகும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. இரண்டு ஊரில் உட்கார்ந்து டூயட் வாசிப்பதும் நடக்காது. சத்தம் போய்ச் சேரும் தாமதம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கைத் தாண்டினாலே தாளம் இழுக்கத் தொடங்கிவிடும், வீடியோ காலில் அதைவிடப் பல மடங்கு தாமதம். இவற்றை வைத்து நான் முடிவு செய்யவில்லை. என்னை மாற்றியது சுரத்தின் வால்.

கிளாசிக்கல் கிட்டாரில் சுரம் மீட்டிய கணத்தில்தான் உச்சம். அதன்பின் கரைந்துகொண்டே போகும். வீணை கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கரைவதில்தான் பாதி அழகு. வீடியோ கால் செயலியோ பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஒரே சீராக நீளும் எந்தச் சத்தமும் அதற்கு ஃபேன் அல்லது ஏசி. வடிகட்டிவிடும். ஸ்பானிய இசையமைப்பாளர் டாரெகாவின் ‘லாக்ரிமா’வை வாசித்த இரவில் இதை உணர்ந்தேன். அதில் மேலே மெலடியும் கீழே பாஸும் சேர்ந்து நகரும், நடுவில் விரல் வைக்காமல் திறந்த இரண்டாம் ஸ்ட்ரிங் மெல்ல ஒலித்துக்கொண்டே இருக்கும். மஸ்கட் நண்பர் அங்கே பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டால், அந்த நடுச்சுரம் பல இடங்களில் காணவே இல்லை. மேல்சுரங்களும் டக் டக்கென்று வெட்டுப்பட்டு, யாரோ அடுப்படியில் கீரை நறுக்குவதுபோல இருந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஹார்மோனிக்ஸ், அதாவது லேசாகத் தொட்டு எழுப்பும் மணிபோன்ற சுரம், தொட்டால் அதுவும் போச்சு.

போதாக்குறைக்கு, மெதுவாக வாசித்தால் செயலியே சத்தத்தைக் கூட்டுகிறது, ஓங்கி வாசித்தால் குறைக்கிறது. இன்னொருவர் மைக் திறந்திருந்து அவர் இருமினால், பேசுபவர் அவர்தான் என்று நினைத்து என் கிட்டாரை அமுக்கிவிடுகிறது. ஒரு முழு பார் (ஒரு தாளச் சுற்று) அப்படிப் போயிருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சில செயலிகளில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு. அதைப் போட்டால் சத்தத்தை வடிகட்டாமல் அப்படியே அனுப்பும். சென்னையில் ஜன்னலைச் சாத்திவிட்டு வாசிப்பவர்களுக்கு அது போதும். எனக்குத்தான் வினை அங்கே ஆரம்பித்தது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஜன்னலைச் சாத்தினாலும் எங்கள் வீட்டு ஓடு சும்மா இருக்காது. வடிகட்டியை எடுத்தால் காற்று, தென்னை ஓலை, பக்கத்துத் தெரு ஜெனரேட்டர் எல்லாம் கச்சேரிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். வடிகட்டியைப் போட்டால் சுரத்துக்கு வால் கிடையாது. இராத்திரி எட்டரை மணிதான் என்று நேரலை கட்டிப்போடும்போது இரண்டில் எதை எடுத்தாலும் நட்டம்தான்.

உப்புக்காற்றின் ஈரம் வேறு. எட்டரைக்குச் சுருதி சேர்த்து என் முறை வர ஒன்பதே கால் ஆனால், மூன்றாம் ஸ்ட்ரிங் இறங்கியிருக்கும். நைலான் மூன்றிலும் தடிமனானது அது, எப்போதும் அதுதான் தகராறு.

பதிவில் நேரத்தை நான் தேர்ந்தெடுக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். விடிகாலை நாலு மணிக்குக் காற்று அடங்கியிருக்கும் நாளாகப் பார்த்து, ஃபேனை அணைத்து, ஃபோனை ஒரு மீட்டர் தள்ளிப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேராக வைக்கிறேன். சவுண்ட் ஹோலுக்கு (கிட்டாரின் நடுத் துளை) நேராக வைத்தால் பாஸ் கும்மென்று அடைக்கும். பின்னால் கொடியில் இரண்டு போர்வை. முடிந்ததும் யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாக ஏற்றிவிட்டு இணைப்பை அனுப்பினால், அவரவர் ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். வீடியோ காலின்போது ஸ்பீக்கரில் ஓட விட்டு மைக் வழியாகக் கேட்க வைத்தால் மறுபடி அதே சல்லடை வழியாகத்தான் போகும், அதைத் தவிர்க்கச் சொல்வேன்.

மருந்துக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) இதை ஒத்துக்கொள்வதில்லை. “வாத்தியாரே, நீங்க அனுப்புறது ஆறிப்போன சோறு” என்பார். ஆறித்தான் இருக்கட்டும், பருக்கை முழுசாக இருக்கிறதே. ஆனால் அவர் சொல்வதில் ஒன்று உண்மை. நேரலையில் தப்பு வந்தால் வந்ததுதான், கை நடுங்கினாலும் கடைசி வரை போயாக வேண்டும். பதிவில் என் முதல் உருப்படிக்கு இருபத்தாறு டேக் போனது. கடைசி டேக்கில் தப்பு இல்லை, உயிரும் இல்லை. இப்போது மூன்று டேக் என்று வரம்பு வைத்திருக்கிறேன், வெட்டி ஒட்டுவதும் கிடையாது. மேடைக் கூச்சம் போக வேண்டும் என்று வருபவர்கள் முதல் இரண்டு மூன்று மாதம் நேரலையிலேயே வாசிக்கட்டும். எனக்கும் அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் குறைத்தது அதுதான்.

நல்ல மைக்கும் அதைக் கணினியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு மாறலாம். நான் ஃபோனிலும் ஒரு பழைய லேப்டாப்பிலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், விடிகாலையில் எஞ்சின் சத்தம் பெரும்பாலும் இருக்காது. கச்சான் வலுப்பதற்குள் முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று உருப்படிகளைப் பதிவு செய்துவிட்டால் ஆடி வரை தாங்கும். இந்தச் சனிக்கிழமை காக்கா வழக்கம்போல நேரலையில் வாசிக்கிறார். அவர் முறை வரும்போது என் மைக்கை மறக்காமல் அணைக்க வேண்டும், போன தடவை என் வீட்டு நாய் குரைத்ததில் அவருடைய கடைசி நான்கு பார் போய்விட்டது.