பிடிஎல்சி படலத்துக்கு நானோத் தூள்: எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம்

சுவிட்சைப் போட்டால் தெளிந்து, அணைத்தால் பால்போல் வெளுக்கும் பிடிஎல்சி படலத்தை (இறுகிய பசைக்குள் திரவப் படிகம் துளித்துளியாகச் சிதறிக்கிடக்கும் படலம்) ஆய்வகத்தில் செய்ய, இ7 திரவப் படிகமும் நார்லாண்டின் என்ஓஏ 65 பசையும் இன்றைக்கும் நம்பகமான ஜோடி. இறுகிய பசையின் ஒளிவிலகல் எண் 1.524. இ7-க்கு இரண்டு எண்கள்: 1.52, 1.74. மின்னழுத்தம் கொடுத்ததும் துளிகளுக்குள் மூலக்கூறுகள் நிமிர்கின்றன. நேராக வரும் ஒளிக்குத் துளியும் பசையும் ஒன்றுபோலவே தெரியும். அணைத்தால் 1.74-உம் சேர்ந்துகொள்ள, ஒளி சிதறிவிடும். குறை ஒன்றுதான்: 20 மைக்ரான் படலத்தைத் தெளியவைக்கப் பல பத்து வோல்ட் வேண்டும். அதைக் குறைக்கத்தான் பலரும் நானோத் தூள் தேடுகிறார்கள்.

முதலில் தவிர்க்க வேண்டியவை. டைட்டானியம் டை ஆக்சைடு 380 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாவை விழுங்கும். பசை இறுகுவதோ 365 நானோமீட்டர் விளக்கில். தூளை ஏற்ற ஏற்ற, விளக்குக்கு எதிர்ப்பக்கப் பசை அரைவேக்காடாக நிற்கும். போதாததற்கு அது ஒளிவினையூக்கி. வெயில் படும் ஜன்னலில் சுற்றியுள்ள கரிமப் பொருளையே அரிக்கும். கார்பன் நானோகுழாய் இன்னும் மோசம்: கட்டி தட்டினால் கண்ணாடிகளில் உள்ள இரண்டு ஐடிஓ (மின்கடத்தும் ஒளிபுகு பூச்சு) பரப்புகளுக்கும் பாலம் போட்டு ஷார்ட் ஆகிவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஏரோசில் ஆர்812 போதும். 7 நானோமீட்டர் சிலிகா, தண்ணீர் ஒட்டாத மேற்பூச்சோடு வருகிறது. புற ஊதாவைத் தடுக்காது. ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று கோத்து வலையாகும் குணம் உண்டு. நெமாடிக்கில் (இ7 போல, மூலக்கூறுகள் ஒரே திசை பார்க்கும் திரவப் படிகம்) சில சதவீதம் போட்டாலே, அழுத்தத்தை அணைத்த பிறகும் தெளிவு மாறாமல் நிற்கும் என்று 1991-லேயே ஐடன்ஷிங்க், டி யூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். நினைவகத்துக்கு அது வரம், ஜன்னலுக்குச் சாபம். ஒரு சதவீதத்தைத் தாண்டாதீர்கள். இதனால் வோல்ட் இறங்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

அதற்கென்று விற்கப்படுவது பேரியம் டைட்டனேட். 2003-இல் ரெஸ்னிக்கோவ் என்ற ஆய்வாளரின் குழு ஃபெரோமின் துகள்களை (மின்புலம் இல்லாமலேயே மின்முனைவு கொண்டவை) நெமாடிக்கில் கலந்து தொடக்க மின்னழுத்தம் இறங்குவதைக் காட்டியதிலிருந்து இதற்கு மவுசு. வாங்கும்போது விற்பவரிடம் எக்ஸ்-கதிர் வரைபடம் கேளுங்கள். 45 டிகிரிப் பக்கம் உள்ள முகடு இரண்டாகப் பிரிந்திருந்தால் டெட்ராகோனல், அதாவது ஃபெரோமின் வடிவம். ஒற்றை முகடாக நின்றால் பெரும்பாலும் கியூபிக். கேட்ட குணம் அதில் இருக்காது. மிகச் சிறிய துகள்களில் இது சகஜம். புற ஊதாவை இதுவும் கொஞ்சம் குடிக்கும் என்பதால் அளவு முக்கியம்.

ஒரு கிராம் இ7-இல் 0.5 சதவீதம் என்றால் வெறும் 5 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் காட்டும் தராசில் நேராக நிறுத்தால் அதிலேயே 20 சதவீதம் பிழை. 50 மில்லிகிராம் தூளை, துகள்கள் கட்டி தட்டாமல் இருக்க ஓலிக் அமிலத்தோடு, ஹெப்டேன் என்ற கரைப்பானில் அரைத்து, 10 மில்லிலிட்டராக்கிக்கொண்டு, அதிலிருந்து நன்றாகக் கலக்கி உடனே ஒரு மில்லிலிட்டர் எடுத்து இ7-இல் சேருங்கள். தூளின் அடர்த்தி இ7-ஐப் போல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. குப்பியை ஓர் இரவு விட்டுச் சாய்த்தால் அடியில் வெள்ளை வளையம் தெரியும். தெரிந்தால் அந்தத் தொகுதி சரியாகப் பிரியவில்லை.

ஹெப்டேனை ஓட்டிய பிறகு, இ7 தெளியும் வெப்பநிலையை, அதாவது திரவப் படிக நிலை போய்ச் சாதாரணத் திரவமாகும் வெப்பநிலையைப் பாருங்கள். தூள் போடாத அதே குப்பி இ7 சுமார் 58 டிகிரி செல்சியஸில் தெளியும். கலவை அதைவிட இரண்டு மூன்று டிகிரி கீழேயே தெளிந்தால், கரைப்பானோ துகளில் ஒட்டாத ஓலிக் அமிலமோ மிச்சமிருக்கக்கூடும். அமிலம் மிஞ்சினால் அயனிகளும் கூடும். ஒரு கிலோஹெர்ட்ஸில் நன்றாக ஓடும் படலம் 50 ஹெர்ட்ஸில் மங்கலாக நிற்கும். அதற்காகச் சூட்டோடு வெற்றிடத்தில் மணிக்கணக்கில் போடவும் கூடாது, இ7-இன் லேசான கூறுகள் முதலில் பறந்துவிடும். செல்லை (இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி) நுண்துளை ஈர்ப்பால் நிரப்பாமல், சொட்டு வைத்து மேல் கண்ணாடியால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் கட்டிகள் நுழைவாயிலிலேயே வடிகட்டிக்கொள்ளும்.

வோல்ட் இறங்கினால் உடனே தூளுக்குப் பேர் கொடுத்துவிடாதீர்கள். எடையில் 0.5 சதவீதம் என்பது கனஅளவில் 0.1 சதவீதத்தைக்கூட எட்டாது. எளிய கலவைக் கணக்கில் மின்கடவாமை (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு முனைவுறுகிறது என்பதன் அளவு) ஏறுவது கால் சதவீதம்தான். தூள் புற ஊதாவைக் கொஞ்சம் மறைத்துப் பசை இறுகுவதைத் தாமதித்திருக்கலாம். மெதுவாக இறுகினால் துளிகள் பெரிதாகும், பெரிய துளி குறைந்த அழுத்தத்திலேயே திரும்பும். ஆகவே தூள் உள்ளது, இல்லாதது என இரண்டு படலங்களையும் ஒரே விளக்கில், ஒரே வெப்பத்தில் இறுக்குங்கள். கண்ணாடியைப் பிரித்து இ7-ஐ மெத்தனாலில் கழுவி, உலர்த்தி, பொன்பூச்சு கொடுத்து மின்னணு நுண்ணோக்கியில் குழிகளை அளந்து ஒப்பிடுங்கள். தூள் போட்ட படலத்தில் குழிகள் பெரிதாக இருந்தால், விளக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்து, தூளே இல்லாமல் இன்னொரு படலம் செய்து பாருங்கள். அதிலும் அதே அளவு வோல்ட் இறங்கினால் பேரியம் டைட்டனேட்டுக்கு ஆர்டர் போட வேண்டியதில்லை.