ஒரே விளக்கு, இரண்டு லேயர்: ஏழு வருட அனுபவம்

நாடக மேடைக்கான ஒளியமைப்பு வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் போட ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. எந்த மென்பொருள் என்பதை வேண்டுமென்றேதான் விடுகிறேன். நான் சொல்லப்போகிற சிக்கலில் பாதி என் கையால் வந்தது. மீதிப் பாதி, சிம்பல் என்றால் என்ன என்று நான் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தது.

மென்பொருளின் லைப்ரரியில் ஒரு விளக்கின் உருவம் இருக்கிறது. அதுதான் சிம்பல். வரைபடத்தில் அதை 60 இடத்தில் வைக்கிறோம். லைப்ரரியில் இருக்கும் உருவத்தைத் திருத்தினால் 60 இடத்திலும் மாறுகிறது. இதை ஒருமுறை பார்த்ததும், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கிறது என்று மனசு முடிவுகட்டிவிடும். இணைந்திருப்பது உருவம் மட்டும்தான். சேனல் எண் (கட்டுப்பாட்டு மேசையில் அந்த விளக்கைக் கூப்பிடும் எண்), யூனிட் எண் (மாட்டிய இடத்தில் அதன் வரிசை எண்), டிஎம்எக்ஸ் முகவரி (கட்டுப்பாட்டு சிக்னலில் அதன் இடம்), ஜெல் எண் (விளக்கின் முன் வைக்கும் வண்ணத் தாளின் எண்), எதன்மேல் ஃபோகஸ் என்ற குறிப்பு, இதெல்லாம் வைத்த ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் ஒரே விளக்கை வரைபடத்தின் இரண்டு லேயரில், அதாவது இரண்டு தனித்தனி அடுக்குகளில், காட்ட வேண்டி வரும்போது இதே குணம் காலை வாரிவிடும்.

எதற்கு இரண்டு லேயரில் காட்ட வேண்டும்? பூம் இருந்தால் வேறு வழியில்லை. மேடையின் ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் பைப்பில் ஐந்து விளக்கு மாட்டுகிறோம். மேலிருந்து பார்க்கும் பிளானில் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே விளக்காகத்தான் தெரியும். எது எத்தனை அடி உயரத்தில், எது எந்தச் சேனல் என்று எழுத இடமே இருக்காது. அதனால் அதே பூமை எதிரே நின்று பார்ப்பதுபோல இன்னொரு லேயரில் தனியாக வரைவோம். பிளான் 1:50, பூம் தோற்றம் 1:25. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பிளானில் இருந்த விளக்குகளை காப்பி எடுத்து அந்த லேயரில் ஒட்டினேன்.

அந்த நாடகத்தில் 4 பூம், மொத்தம் 20 விளக்கு. மென்பொருளின் ஒர்க்‌ஷீட் வரைபடத்தைப் படித்து எண்ணித் தரும் உபகரணப் பட்டியலில் 40 என்று வந்தது. எண்ணிக்கை அவ்வளவு தூக்கலாக இருந்ததால் உடனே கண்ணில் பட்டது. லேயரை மறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மறைத்த லேயரில் இருப்பதையும் ஒர்க்‌ஷீட் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். எந்த லேயரைப் பார்க்க வேண்டும் என்று வடிகட்டியில் நாமே சொல்ல வேண்டும். சரி, பிளான் லேயரை மட்டும் பார் என்று சொல்லிவிட்டேன். பட்டியலில் 20 வந்தது. நிம்மதியாக இருந்தேன்.

உண்மையில் அங்கேதான் குழி வெட்டினேன். ஒத்திகை பார்த்துவிட்டு, பக்கவாட்டு ஒளி ரொம்ப நீலமாக இருக்கிறது, லீ நிறுவனத்தின் 201 ஜெல் வேண்டாம், 202 போடலாம் என்று முடிவானது. 201 என்பது 3200 கெல்வின் டங்ஸ்டன் ஒளியை 5700க்குக் கொண்டுபோகும் முழு நீலத் திருத்தம்; 202 பாதி, 4300 வரைதான். நான் பூம் தோற்ற லேயரைத் திறந்து, அங்கே விளக்குகள் பிரிந்து பிரிந்து இருப்பதால் தேர்வு செய்வது சுலபம் என்று, 20ஐயும் பிடித்து 202 என்று மாற்றினேன். ஜெல் வெட்டும் பட்டியலோ பிளான் லேயரைப் படித்துக்கொண்டிருந்தது. விளக்கு மாட்டும் நாளன்று எலக்ட்ரீஷியன் பூமுக்கு அடியில் நிற்கிறார். ஒரு கையில் வெட்டிய ஜெல், இன்னொரு கையில் என் தாள். “சார், பேப்பர்ல 202 போட்டிருக்கு, ஜெல்லுல 201 எழுதியிருக்கு. நான் எதை நம்பறது?” 20 ஜெல்லையும் மறுபடி வெட்டினோம்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒரு கைவேலை செய்து ஓட்டினேன். ஒவ்வொரு விளக்கின் தகவலிலும் ‘இணைப்பு எண்’ என்று ஒரு புலம் சேர்த்தேன். பிளானில் இருப்பதற்கும் பூம் தோற்றத்தில் இருக்கும் அதன் நகலுக்கும் ஒரே எண். ஒர்க்‌ஷீட்டை அந்த எண்படி வரிசைப்படுத்தினால் ஜோடிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். சேனலோ ஜெல்லோ ஒத்துப்போகவில்லை என்றால் கண்ணில் படும். இப்படித் தப்பைக் கண்டுபிடிக்கலாம், தடுக்க முடியாது. நள்ளிரவில் 20 ஜோடியைக் கண்ணால் ஒப்பிடுகிறவன் எத்தனையை விடுவான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் பயன்படுத்துவது வேறு முறை. விளக்கு ஒன்றே ஒன்றுதான், அது பிளான் லேயரில் இருக்கிறது. பூம் தோற்றத்தில் தெரிவது அதே விளக்கை எதிரிலிருந்து பார்க்கும் காட்சி. சிம்பலுக்குள்ளேயே 2டி வடிவமும் 3டி வடிவமும் சேர்ந்திருப்பதால் இது நடக்கிறது. எந்தப் பக்கம் நின்று சேனலை மாற்றினாலும் மாறுவது ஒரே பதிவுதான். மூன்று வருடத்தில் ஜெல் எண்ணோ சேனலோ தாளுக்குத் தாள் வேறுபட்டு நின்றதில்லை. இதற்காக மட்டுமே இந்தப் புது முறைக்கு மாறலாம் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. லேபிள்களை அந்தக் காட்சியில் தனியாக நகர்த்தி வைக்க வேண்டும். பூமை மேடையில் கொஞ்சம் திருப்பினால் சில லேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். விளக்குகளின் உயரத்தை ஆரம்பத்திலேயே சரியாகக் கொடுக்காவிட்டால் ஐந்தும் தரையில் குவிந்து கிடக்கும். முன்பெல்லாம் உயரத்தை வெறும் எழுத்தாக எழுதிவிட்டுத் தப்பித்தேன். இப்போது முடியாது.

முகவரி விஷயத்தில் நகல் இன்னும் மோசம். டிஎம்எக்ஸ் 512இல் ஒரு யூனிவர்ஸுக்கு, அதாவது ஒரு முகவரித் தொகுதிக்கு, 512 இடம். ஒரு மூவிங் லைட் (தானே திரும்பும் விளக்கு) 24 இடம் பிடித்தால் 21 விளக்கு அடங்கும், 22ஆவது அடுத்த யூனிவர்ஸுக்குப் போகும். முகவரியைத் தானாகப் போடச் சொல்லும்போது தேர்வில் இரண்டு நகல் சேர்ந்துவிட்டால், அவற்றுக்குப் பின்னால் வருகிற எல்லா விளக்கின் முகவரியும் 48 இடம் தள்ளிப்போகும்.

லைட்ரைட் போன்ற, விளக்குப் பட்டியல்களைப் பராமரிக்கும் ஆவண மென்பொருளோடு தகவலைப் பரிமாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் உள்ளே ஒரு அடையாள எண் இருக்கிறது, பரிமாற்றம் அதை நம்பித்தான் நடக்கிறது. வரைபடத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எம்விஆர் கோப்பிலும் அதே கதை. விளக்கை வேறு லேயருக்கு மாற்ற வேண்டுமா, அதன் பண்புகளில் லேயர் பெயரை மாற்றுங்கள். வெட்டி ஒட்டினால், என் அனுபவத்தில், பழைய விளக்கு போய்ப் புது விளக்கு வந்ததாக மறுமுனை எடுத்துக்கொள்ளும்; அங்கே எழுதி வைத்த குறிப்புகள் அனாதையாகிவிடும்.

பழைய கோப்புகளை நான் மாற்றவில்லை. மறுபடி மேடையேறும் நாடகம் என்றால் மட்டும் நகல்களை அழித்துவிட்டு அந்தப் பூம்களைப் புதிதாகப் போடுகிறேன். எந்தக் கோப்பையும் அனுப்புவதற்கு முன் பிளானைத் தவிர மற்ற லேயர்களில் எத்தனை விளக்கு இருக்கிறது என்று ஒர்க்‌ஷீட்டைக் கேட்பேன். 0 வர வேண்டும். போன மாதம் 1 வந்தது. அரை மணி நேரம் தேடினேன். யாரோ ஒரு புகை இயந்திரத்தை விளக்கு என்று பதிவு செய்து வைத்திருந்தார்கள். கோப்பைத் திறந்தவன் நான் ஒருவன்தான்.