விம்மில் நிறம் திணறிய கதை: பல வருஷப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது

நிரல் எழுதும் எடிட்டரான விம்மின் அமைப்புகளை வைக்கும் என் விம்ஆர்சி ஃபைலில் 'செட் ஆர்இ=1' என்று ஒரு வரி ஏழு வருஷம் கிடந்தது. 2014-ல் யாரோ சொன்னார்கள் என்று போட்டது. அன்றைக்கு அது மருந்து. 2021-ல் அதுவே நோயானது. அது தெரியாமல் எடிட்டரைத் திட்டிக்கொண்டு சில மாதம் ஓட்டினேன்.

விம்மை 2012-லிருந்து தினமும் பயன்படுத்துகிறேன். முதலில் ரூபி, அப்புறம் டைப்ஸ்கிரிப்ட், நடுநடுவே சர்வருக்குள் போய் லாக் ஃபைல் பார்ப்பது. பழைய லேப்டாப், புது லேப்டாப் எல்லாம் மாறியும் ஒரு தொல்லை மட்டும் கூடவே வந்தது. சில ஃபைல்களில் கர்சரைக் கீழே இறக்கினால் அது பிசினில் மாட்டிய ஈ மாதிரி நகரும். நிறத்தை அணைத்தால் பறக்கும். ஆக, குற்றவாளி நிரலின் பகுதிகளுக்கு நிறம் கொடுக்கும் சிண்டாக்ஸ் ஹைலைட்டிங் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதற்குள் யார் என்பதுதான் தெரியவில்லை.

விம்முக்கு நிறம் வந்தது 1998-ல், 5.0 பதிப்பில். இன்றைக்கும் அடிப்படை அதேதான்: ரெஜெக்ஸ், அதாவது எழுத்துக் கோலங்களைத் தேடும் குறியீடு. ஒரு வரியை எடுத்து, இடமிருந்து வலமாகப் போய், 'இந்த இடத்தில் எந்த விதி தொடங்கலாம்' என்று மொழிக்கான விதிகளை வைத்துத் தேடுகிறது. விதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். அதோடு, திரையின் முதல் வரி ஒரு பெரிய கமெண்டின் நடுவிலா, ஸ்ட்ரிங்கின் நடுவிலா என்று தெரிய மேலே உள்ள வரிகளையும் பார்த்தாக வேண்டும். எவ்வளவு மேலே போய்ப் பார்ப்பது என்பதைச் சொல்வதுதான் 'சிங்க்' அமைப்பு. நான் அதில் 'ஃப்ரம்ஸ்டார்ட்' போட்டிருந்தேன், அதாவது எப்போதும் முதல் வரியிலிருந்து. நிறம் தப்பவே தப்பாது. ஆனால் பெரிய ஃபைலைத் திறந்ததும் பெரிய 'ஜி' அடித்துக் கடைசி வரிக்குப் போனால் டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது 'மின்லைன்ஸ்=200' போதுமென்று இருக்கிறேன். எப்போதாவது நீளமான கமெண்டுக்குள் நிறம் பிசகும், கொஞ்சம் மேலே போய் வந்தால் சரியாகிவிடும்.

சரி, அந்த ஆர்இ கதைக்கு வருகிறேன். 2013 ஆகஸ்டில் வந்த 7.4 பதிப்பில் விம்முக்கு இரண்டாவதாக ஒரு ரெஜெக்ஸ் எஞ்சின் சேர்ந்தது. பழையது பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும் ரகம். புதியது என்எஃப்ஏ, எல்லாச் சாத்தியங்களையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துக்கொண்டு போகும். எதைப் பயன்படுத்துவது என்று சொல்வதுதான் ஆர்இ. அதன் மதிப்பு 0 என்றால் விம்மே தேர்ந்தெடுக்கும், 1 என்றால் பழையது, 2 என்றால் புதியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரூபி ஃபைல்களில் எதிர்விளைவு. புது எஞ்சினில் ஸ்க்ரோல் தடுக்கியது. அதிலும் வரி எண்ணைக் கர்சரிலிருந்து எண்ணிக் காட்டும் ரிலேட்டிவ்நம்பரும் கர்சர் வரியைத் தனித்துக் காட்டும் கர்சர்லைனும் போட்டிருந்தால், ஒரு வரி இறங்கினாலே திரையை மறுபடி வரைய வேண்டும், மறுபடி ரெஜெக்ஸ் ஓட வேண்டும். அன்றைக்கு ரூபிக்காரர்கள் பலரும் சொன்ன வைத்தியம் ஆர்இ=1. போட்டேன், வேலை செய்தது, மறந்தேன்.

பிறகு டைப்ஸ்கிரிப்டுக்கு மாறினேன். அதற்கான சிண்டாக்ஸ் ஃபைல் பின்னால் விம்மோடே வர ஆரம்பித்தது. ஃபைலைத் திறந்தால் இரண்டு வினாடி உறைந்து நிற்கும், அப்புறம் மொத்த நிறமும் போய், ரீட்ராடைம் தாண்டிவிட்டது, ஹைலைட்டிங் நிறுத்தப்பட்டது என்று கீழே ஒரு வரி வரும். நிறம் தேட விம் செலவிடும் நேரத்தின் எல்லைதான் ரீட்ராடைம், அதன் இயல்பு மதிப்பு 2000 மில்லிசெகண்ட். நான் செய்த புத்திசாலித்தனம், அதை 10000 ஆக்கியது. இரண்டு வினாடி உறைந்தது பத்து வினாடி உறைந்தது. நிறம் என்னவோ அப்படியும் வரவில்லை.

பக்கத்து சீட் தம்பி ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, நானும் விம்தான், அதே ஃபைல்தான். எனக்கு மட்டும் எப்படிண்ணா கலர் வருது?" அவனிடம் விம்ஆர்சியே கிடையாது. என்னுடையதைக் காட்டாமல், 'கிளீன்' ஆப்ஷன் போட்டு வெறும் விம்மைத் திறந்து பார்த்தேன். பளிச்சென்று வந்தது. என் 300 வரிகளைப் பாதிப் பாதியாக கமெண்ட் செய்து தேடினால், கடைசியில் கையில் மாட்டியது அந்த ஆர்இ=1. ரூபியைக் காப்பாற்றிய அதே பழைய எஞ்சின் டைப்ஸ்கிரிப்டின் விதிகளில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. 0 ஆக்கினேன், அவ்வளவுதான். ரூபியை விட்டே அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் 'சின்டைம்' என்ற கட்டளையை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றேன். எனக்கு முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சின்டைம் ஆன் என்று அடித்துவிட்டு, மெதுவாக இருக்கும் இடத்தில் நாலு பக்கம் மேலும் கீழும் போய், கன்ட்ரோல்-எல் அடித்துத் திரையை ஒருமுறை வரையவைத்து, சின்டைம் ரிப்போர்ட் கேட்டால் ஒரு அட்டவணை வரும். ஒவ்வொரு விதிக்கும் மொத்த நேரம், எத்தனை முறை ஓடியது, எத்தனை முறை பொருந்தியது, மிக மெதுவான ஒரு ஓட்டம், சராசரி, கடைசியில் அந்த ரெஜெக்ஸே. அதிக நேரம் தின்றது மேலே இருக்கும். நான் முதலில் பார்ப்பது நேரத்தைக் கூட இல்லை, ஓடிய எண்ணிக்கையையும் பொருந்திய எண்ணிக்கையையும். பல்லாயிரம் தடவை ஓடி ஒரு தடவையும் பொருந்தாத விதி ஒன்று மேலே உட்கார்ந்திருந்தால் அதுதான் ஆள். ப்ரொஃபைல் வசதி இல்லாமல் கம்பைல் செய்த சின்ன விம்மில் இந்தக் கட்டளை இருக்காது.

எங்கள் லாக் ஃபைலுக்காக நானே ஒரு சிண்டாக்ஸ் ஃபைல் எழுதி வைத்திருந்தேன். லாக் திறந்தால் மெதுவாக இருக்கிறது, ஃபைல் பெரிது, என்ன செய்ய என்று பல வருஷம் விட்டுவிட்டேன். ஆர்இ=1 இருந்த காலத்திலேயே இந்த ரிப்போர்ட்டை ஒரு தடவை ஓட்டியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். முதல் வரியில் நான் வைத்த பெயர், நான் எழுதிய ரெஜெக்ஸ். எரர், ஃபேட்டல், டைம்அவுட் மூன்றில் ஒன்று இருக்கும் வரி முழுவதும் சிவப்பாக வேண்டுமென்று, தொடக்கத்தில் 'எத்தனை எழுத்தும் வரலாம்' என்ற புள்ளி-நட்சத்திரம் போட்டிருந்தேன். அந்தச் சொற்கள் இல்லாத சாதாரண வரியில் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. முதல் எழுத்திலிருந்து வரிக் கடைசி வரை போய், இல்லையென்று பின்வாங்கும். பிறகு இரண்டாம் எழுத்திலிருந்து அதே வேலை. 400 எழுத்து வரி என்றால் 400 தடவை. தொடக்கத்தில் வரி ஆரம்பக் குறியைப் போட்டதும் ஒரே தடவையோடு விட்டுவிட்டது. ஒரு குறி, ஒரு பைட். பின்னால் திரும்பிப் பார்க்கும் விதிகளும் இப்படித்தான் நேரம் தின்னும். எத்தனை பைட் பின்னால் போகலாம் என்று எண் கொடுக்க முடியும் என்பது விம்மின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது.

அடைப்புக்குறியின் ஜோடியைக் காட்டும் மேட்ச்பேரன் பிளகின் இந்த ரிப்போர்ட்டில் நேரடியாக வராது. ரிப்போர்ட் சுத்தமாக இருந்தும் கர்சர் தடுக்கினால் அதை ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு போட்ட இன்னொரு வரி 'சின்மேக்ஸ்கால்=200'. ஒரு வரியில் இத்தனையாவது இடத்துக்குப் பிறகு நிறம் தேடாதே என்று சொல்லும் அமைப்பு. இயல்பு மதிப்பு 3000. மொத்தமும் ஒரே வரியாக இருக்கும் எக்ஸ்எம்எல், சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மாதிரியானவற்றுக்கு அருமையான கவசம். ஆனால் எங்கள் ஆப்பின் தமிழ் மொழிபெயர்ப்பு ஜேசன் ஃபைலைத் திறந்தால், ஆங்கில ஃபைல் முழு நிறத்தோடு இருக்கும், தமிழில் மட்டும் வாக்கியத்தின் நடுவில் நிறம் அறுந்துவிடும். ஃபான்டா, டெர்மினலா என்று என்னென்னவோ மாற்றினேன். கடைசியில் பார்த்தால், விம் அந்த 200-ஐ எழுத்தில் எண்ணவில்லை, பைட்டில் எண்ணுகிறது. யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து, அதற்கு 21 பைட். 200 பைட்டில் ஒரு சின்ன வாக்கியம் தேறினால் அதிகம். வெட்டிய இடத்தில் விம் நிலையையும் அழித்துவிடுவதால் அடுத்த வரிகளிலும் நிறம் தப்பலாம். அந்த வரியை எடுத்துவிட்டேன். ஜேசன் சரியானது, வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

2022-ல் மேஜை வேலைக்கு, விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம்முக்கு மாறினேன், முக்கியமாக ட்ரீ-சிட்டர் என்ற நிரலைப் பிரித்துப் படிக்கும் கருவிக்காக. மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் ஆட்டம் எடிட்டருக்காக உருவாக்கியது. 2021 ஜூலையில் வந்த நியோவிம் 0.5-ல் சோதனை நிலையில் உள்ளே வந்தது. இது வரி வரியாக ரெஜெக்ஸ் ஓட்டுவதில்லை. நிரலை இலக்கணப்படி ஒரு மரமாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது, ஓர் எழுத்து மாறினால் மரத்தில் அந்தக் கிளையை மட்டும் திருத்துகிறது. தட்டச்சு செய்யும்போது வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. மேற்கோள் குறியை மூடாமல் விட்டால் கீழே உள்ள மொத்த ஃபைலும் ஸ்ட்ரிங் நிறமாவது எனக்கு இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. மரத்தை முதல் தடவை கட்ட முழு ஃபைலையும் படித்தாக வேண்டும். பத்து, இருபது எம்பி ஜேசனைத் திறந்தால் அந்த முதல் கட்டுமானத்தில் எடிட்டர் நின்றுவிடும், அப்போது பழைய விம்மே மேல் என்று தோன்றும். 2025 மார்ச்சில் 0.11 வந்து, இந்த வேலையைப் பின்னணியில் செய்யத் தொடங்கிய பிறகு இது பெரிதாகத் தெரிவதில்லை. மொழிக்கொரு பார்ஸர், அதாவது அந்த மொழியைப் பிரிக்கும் நிரல், நிறுவ வேண்டும். பார்ஸரும் அதற்கான நிற விதிகளும் வெவ்வேறு பதிப்பாகிவிட்டால் திறந்ததும் பிழைச் செய்தி கொட்டும். திங்கட்கிழமை காலையில் அப்டேட் செய்யக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்.

சர்வரில் இன்னும் விம்தான். அங்கே என் விம்ஆர்சி இப்போது 20 வரிக்குள் இருக்கிறது. வேகத்துக்காக என்று அதில் இருப்பது ஒன்றே ஒன்று: ஃபைல் 50 எம்பிக்கு மேல் என்றால் நிறமே வேண்டாம். தம்பி இப்போது தனக்கென்று ஒரு விம்ஆர்சி சேர்க்க ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் என்னுடைய பழையதைக் கேட்டான், தரவில்லை.