குடைமிளகாய்க்கு அஞ்சிய சட்னி: அடம்பிடிக்கும் கினி பிக்கிடம் எந்த வழி பலித்தது, எது சொதப்பியது

எங்கள் வீட்டில் கினி பிக் என்ற கொறித்துத் தின்னும் சின்னப் பிராணி ஒன்று உண்டு, பெயர் சட்னி. மகள் வைத்த பெயர். வாங்கிய அன்று கடைக்காரர், "கேரட்டும் கோஸும் போதும் சார், வேற எதுவும் வேணாம்" என்றார். சட்னியும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. அருகம்புல்லும் கொத்தமல்லியும் எப்படியோ பழகிவிட்டன. குடைமிளகாய்தான் வம்பு. ஒரு துண்டை வைத்தால் முகர்ந்து பார்க்கும், இரண்டடி பின்வாங்கும், பிறகு திரும்பி அந்தத் துண்டின் மேலேயே புழுக்கை போட்டுவிட்டுப் போகும்.

தின்னாவிட்டால் போகிறது என்று விட முடியவில்லை. நம்மைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி உடம்பில் ஊறாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைக் கினி பிக்கில் வரவழைத்துக் காட்ட முடிந்ததே இதனால்தான். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். 100 கிராம் கேரட்டில் இருப்பது 6 மில்லிகிராம் சொச்சம். அதே எடைப் பச்சைக் குடைமிளகாயில் 80, சிவப்பில் 120-க்கும் மேல். சிவப்புக் குடைமிளகாயில் விரல் நீளத் துண்டு ஒன்று உள்ளே போனால் அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்தது. கொய்யாவில் இதைவிட அதிகம் உண்டு, ஆனால் சர்க்கரையும் உண்டு. வாரத்துக்கு ஓரிரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் யோசனை அம்மாவுடையது. "பசிச்சா தானா திங்கும், விடுடா." நான் வளர்ந்த முறை அது. நாய்க்குக்கூட ஒருவேளை சரிப்படும். கினி பிக்குக்கு ஆகவே ஆகாது. அதன் குடலில் எந்நேரமும் ஏதாவது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அரை நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே கவலைப்பட வேண்டும், ஒரு நாள் ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பட்டினி போட்டுப் பழக்கும் வழியை இதோடு மூடிவிடலாம். இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று: காய்ந்த புல் எப்போதும்போல் கூண்டில் இருக்கட்டும், காலையில் பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு புதுக் காயை வையுங்கள். அந்த நேரத்தில் அதன் பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். (காய்ந்த புல் என்றால் நெல் வைக்கோல் இல்லை. அதில் சத்து போதாது.)

அடுத்தது, கலந்து கொடுப்பதா, தனியாகவே வைத்துக்கொண்டிருப்பதா என்ற கேள்வி. நான் கலப்பதில் ஆரம்பித்தேன். குடைமிளகாயைப் பொடிப்பொடியாக நறுக்கி, கொத்தமல்லியோடு பிசிறி வைத்தேன். உப்புமாவில் கறிவேப்பிலையை ஒதுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். சட்னி அந்த வேலையைக் கையே இல்லாமல் செய்தது. கொத்தமல்லி போய்விட்டது, தட்டில் பச்சைத் துணுக்குகள் அப்படியே கிடந்தன. சரி என்று குடைமிளகாயைத் துருவிச் சாற்றைக் கொத்தமல்லி மேல் தடவினேன். அங்கேதான் தப்பு செய்தேன். அன்று கொத்தமல்லியையும் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. ஆசையாகத் தின்றுகொண்டிருந்த ஒரே கீரையின் மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டேன். கலக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கு ரொம்பப் பிடித்ததோடு கலக்காதீர்கள், அடுத்தபடியாகப் பிடித்ததோடு கலந்து பாருங்கள். சட்னிக்கு அது வெள்ளரித் தோல்.

தனியாக வைப்பதில் வேலையே இல்லை. நீளவாக்கில் ஒரு துண்டு நறுக்கி, கூண்டுக் கம்பிக்கு இடையில் செருகிவிட்டு வந்துவிடலாம். நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொழகொழத்துவிடும். எட்டு நாள் அது அந்தப் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள் துண்டின் ஓரத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு கடி தெரிந்தது. பத்தாம் நாள் மறுபடி பழைய கதை. பொறுமைசாலிகளுக்கு நல்ல வழி, கலப்பதைவிட ஆபத்தும் குறைவு. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கையால் ஊட்டுவது பார்க்க அழகாக இருக்கும், மகளுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் கினி பிக்கின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் எதிரே நீட்டுவது அதற்குச் சரியாகத் தெரியாது. மோப்பத்தையும் மீசையையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஒருநாள் வெங்காயம் நறுக்கிய கையோடு நீட்டிவிட்டேன், ஓடிப்போய்க் கூண்டில் இருக்கும் அதன் குட்டிக் குடிசைக்குள் புகுந்துகொண்டது. கையில் வாங்கிப் பழகினால் தட்டில் இருப்பதைத் தொடாது என்ற தொல்லை வேறு. இதற்குப் புல்லுக்குள் செருகி வைப்பது மேல். தானே தேடி எடுத்ததாக அது நினைத்துக்கொள்கிறது போலும், அவ்வளவாகச் சந்தேகப்படுவதில்லை.

வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலக்கும் யோசனையும் வந்தது. வேண்டாம். வைட்டமின் சி தண்ணீரில் வேகமாக வீரியம் இழந்துவிடும். ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும். மருத்துவர் சொன்ன அளவில் நேராக வாயில் விடுவது வேறு விஷயம். காய் பழகும் வரை அது ஒரு காப்பு.

இதற்கிடையில் நான் செய்த ஒரு உருப்படியான காரியம், சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை சட்னியை நிறுத்துக் குறித்து வைத்தது. எடை 870 கிராமை ஒட்டியே நின்றதால்தான் நிம்மதியாகப் பரிசோதனை செய்ய முடிந்தது. புதியதை மறுப்பது அடம். நேற்று வரை தின்றதை இன்று மறுத்தால் அது அடம் இல்லை. பல் நீண்டிருக்கலாம், அதன் பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். மோவாய் ஈரமாக இருந்தாலோ, புழுக்கை சிறுத்தாலோ, எடை இறங்கினாலோ குடைமிளகாயை மறந்துவிட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கடைசியில் பலித்தது நான் திட்டமே போடாத வழி. நண்பர் வீடு மாறியபோது அவருடைய கினி பிக் எங்களிடம் வந்தது. அதற்குப் பெயர் ஏற்கெனவே பொடி. இரண்டு வாரம் தனிக் கூண்டில் வைத்துவிட்டு, பிறகு ஹாலில் இரண்டையும் ஒன்றாக விட்டோம். பொடிக்குக் குடைமிளகாய் என்றால் உயிர். கரக் கரக் என்று கடிக்கும் சத்தம் கேட்டதும் சட்னி நிமிர்ந்தது. பக்கத்தில் போய்ப் பொடியின் வாயோடு வாய் வைத்து முகர்ந்தது. அப்புறம் சட்டென்று மறுமுனையைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடியது. தட்டில் அதே மாதிரி இன்னொரு துண்டு கிடந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருடினதுதான் வேண்டும். மூன்று நாள் திருட்டு, நாலாம் நாள் தட்டிலிருந்தே எடுத்துக்கொண்டது. எது தின்னத்தக்கது என்பதைக் குட்டியிலேயே தாயையும் கூட்டத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பிராணி அது. நான் நீட்டிய துண்டுக்கு இல்லாத நம்பகம் பொடியின் வாயில் இருந்த துண்டுக்கு வந்துவிட்டது.

பலன் என்று பார்த்தால் மற்ற எல்லா வழியும் இதற்குப் பிறகுதான். செலவென்று பார்த்தாலும் இதுதான் முதலில் நிற்கும். புல் இரட்டிப்பு, இடம் இரட்டிப்பு, சண்டை வந்தால் பிரிக்க இன்னொரு கூண்டு. ஆணா பெண்ணா என்று மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளாமல் சேர்த்துவிடாதீர்கள். பெண் கினி பிக் ஏழெட்டு மாதம் தாண்டி முதன்முறை குட்டி போட்டால் இடுப்பெலும்பு விரிந்து கொடுக்காமல் போகும் ஆபத்து உண்டு. நம்முடையவை இரண்டும் பெண், தப்பித்தோம். குடைமிளகாய்க்காக மட்டும் இன்னொரு உயிரை வாங்கி வரச் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டமாக வாழும் பிராணி இது, ஒற்றையாக வளர்ப்பதே சரியில்லை என்று 2008-இல் சுவிட்சர்லாந்து சட்டமே போட்டது. துணை தேடலாமா என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவு திறந்தாலே இரண்டும் சேர்ந்து "வீக் வீக்" என்று ஊரைக் கூட்டுகின்றன. பொடி எந்த நிறமானாலும் தின்னும். சட்னிக்குச் சிவப்புதான் வேண்டும், விலை கூடுதலானதுதான் வேண்டும். பச்சையை வைத்தால் இன்றைக்கும் அதன் மேல் புழுக்கைதான்.