வேப்பெண்ணெய்த் தெளிப்பு: தெரு மரத்துக்கு எதுவரை கைகொடுக்கும்?

மரத்தடியில் நிறுத்திய வண்டி பிசுபிசுக்கிறது, இலைகளில் கரி அப்பினாற்போல் கறுப்புப் படலம். உடனே பூஞ்சைக்கொல்லி வாங்கிவிடாதீர்கள். இந்தப் படலம் கரும்பூசணம் என்ற பூஞ்சைதான், ஆனால் அது இலையைத் துளைப்பதில்லை. இலைச் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரின் மேல்தான் படர்கிறது. இலையைத் திருப்பினால் மாவுப்பூச்சியோ அசுவினியோ செதில்பூச்சியோ தென்படும். இவற்றுக்கு வேப்பெண்ணெய் நல்ல மருந்து, கலக்கத் தெரிந்தால்.

புட்டியில் அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியைத் தாக்கும் பொருள்) அளவைப் பாருங்கள். 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, 10,000 பிபிஎம் என்றால் 2 மில்லி வழக்கம். லேபிள் வேறு அளவு சொன்னால் அதன்படியே போகவும். குழைமம் (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பொருள்) சேர்க்காத வெறும் எண்ணெய் தண்ணீரோடு சேராது. வெதுவெதுப்பான நீரில் முதலில் திரவ சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றிப் பால் போல் வெளுக்கும்வரை குலுக்கி, அப்புறம் மீதித் தண்ணீர். மேலே எண்ணெய்த் துளி மிதந்தால் தெளிக்காதீர்கள். அந்தத் துளி விழுந்த இடம்தான் மறுநாள் கருகி நிற்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிடவும்.

வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும், சூட்டில் எண்ணெய் இலையைச் சுடும். அதனால் வெயில் தாழ்ந்தபின், தேனீக்கள் கூடு திரும்பியதும், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். மாவுப்பூச்சி என்றால் முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மெழுகுப் பஞ்சைக் கலைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்து உருண்டோடிவிடும். 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. எறும்பு ஏறுகிற மரத்தில் அடிமரத்தைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் ஒட்டுப்பசை தடவாமல் தெளிப்பது வீண். இரை பிடிக்கும் பொறிவண்டுகளை எறும்பு விரட்டிக்கொண்டே இருக்கும்.

செதில்பூச்சியில்தான் இந்த மருந்து பெரும்பாலும் ஏமாற்றுகிறது. ஓடு கெட்டியான பிறகு உள்ளே இறங்குவது கடினம். குஞ்சுகள் ஊரும் நாட்களில் அடிக்க வேண்டும். கிளையில் இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி வைத்தால், தூசி போன்ற குஞ்சுகள் அதில் சிக்கி அந்த நாட்களைக் காட்டிக்கொடுக்கும். தெளித்தபின் சில ஓடுகளை நகத்தால் பெயர்த்துப் பாருங்கள்: அடியில் ஈரம் கசிந்தால் உயிர் இருக்கிறது, உலர்ந்து உதிர்ந்தால் செத்துவிட்டது.

உயரமான மரத்துக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. அடிமரத்தில் துளையும் மரத்தூளும் தெரிந்தாலோ, வேரோரம் காளான் முளைத்திருந்தாலோ, இந்தப் புட்டியால் ஒன்றும் ஆகாது. மரம் சாயும் அபாயம் உண்டா என்று மர வல்லுநரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.