வாடைக் காலத்தில் சுழியோட மாலைதீவா, அந்தமானா?

நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் இடைப்பட்ட கடல் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைதான் சுழியோடிகளுக்கு இடங்கொடுக்கும். வாடை பிடித்துவிட்டால் நீர் கலங்கி, அலை உயர்ந்து, படகுகள் கரையேறிவிடும். ஆகவே, திருகோணமலையில் இருந்துகொண்டு தை முதல் பங்குனி வரையான மாதங்களில் சுழியோட விரும்புபவர் வேறு கடலைத்தான் தேட வேண்டும். அக்காலத்தில் அமைதியாக இருப்பதும் நமக்கு எட்டக்கூடியதுமான தொலைதூரத் தீவுகள் என்று பார்த்தால் மாலைதீவும் அந்தமானுமே முன்னிற்கின்றன. நான் தெரிவு செய்தது மாலைதீவின் தென் ஆரி அட்டோலில் (அட்டோல் என்பது வளையமாக அமைந்த முருகைக்கல் தீவுக்கூட்டம்) உள்ள திகுரா என்ற ஊர்த்தீவை. எனவே இதை நடுவுநிலையான தீர்ப்பாக எவரும் கொள்ள வேண்டாம். அந்தமானைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அங்கு சுழியோடி வந்த நண்பர்கள் சொன்னவற்றையும் பயண ஒழுங்குகளையும் வைத்துத்தான்.

எளிதான விடயங்களை முதலில் முடித்துவிடலாம். மாலைதீவில் இலங்கையருக்கு 30 நாள் வீசா இறங்கியவுடன் கட்டணமின்றிக் கிடைக்கிறது; இந்தியாவுக்கு முன்கூட்டியே இணையவழி வீசா பெற வேண்டும். அறை வாடகையிலும் சாப்பாட்டிலும் அந்தமான் மலிவு; மாலைதீவில் எல்லாமே டொலர்க் கணக்கு. சுழியோடாத குடும்பத்தினர் கூட வருவதானால் அந்தமானே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. போர்ட் பிளேயரில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை இருக்கிறது, ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரை இருக்கிறது, கடைத்தெருவில் தமிழிலேயே பேசி வாங்கவும் முடியும். (போர்ட் பிளேயர், ஹேவ்லாக் ஆகியவற்றின் புதிய பெயர்கள் முறையே ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் துவீப்; பயணச்சீட்டுகளில் இரண்டு பெயர்களும் வரக்கூடும் என்பதால் கவனம் தேவை.) திகுரா போன்ற ஊர்த்தீவில் கடலை விட்டால் வேறு பொழுதுபோக்கு அதிகமில்லை, மதுபானமும் கிடையாது.

கடலடிக் காட்சியிலும் ஒன்றை மற்றொன்று அடித்து வீழ்த்திவிடாது. ஹேவ்லாக்கைச் சுற்றியுள்ள டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கோர்ஜ் போன்ற இடங்களில் மீன்கூட்டங்கள் திரளாக நிற்கும் என்று சென்று வந்தவர்கள் சொல்கிறார்கள். தென் ஆரியின் வெளிப்புற முருகைக்கல் விளிம்பில் திமிங்கிலச் சுறாக்கள் ஆண்டு முழுவதும் நடமாடுகின்றன. அதனாலேயே அப்பகுதி 2009இல் பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் சுறா வந்து காட்சி தரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. முருகைக்கற்கள் வெளிறிப்போன அழிவு இரண்டு இடங்களிலும் நேர்ந்தது: அந்தமானில் 2010இல், மாலைதீவில் 1998இலும் 2016இலும். மாலைதீவின் ஹனிஃபாரு குடாவில் பெருந்திருக்கைகள் மொய்க்கும் படங்களைப் பார்த்து மயங்குபவர்களுக்கு ஒரு சொல்: அது வைகாசி முதல் கார்த்திகை வரையான காட்சி, அங்கே சிலிண்டர் கட்டி இறங்கவும் தடை உண்டு.

என் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவுமில்லை. கடைசியாக நீரைவிட்டு எழும் வேளைக்கும் முதல் விமானம் ஏறும் வேளைக்கும் இடையே விடவேண்டிய அந்த மணித்தியாலங்கள்தாம். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடல் இழையங்களில் நைதரசன் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பின்னர் அது மெதுவாகவே வெளியேறும். விமான அறையின் அமுக்கம் ஏறத்தாழ 2,400 மீற்றர் வரையான மலையுயரத்துக்கு ஒப்பாகக் குறையக்கூடியது என்பதால், அவசரப்பட்டு ஏறினால் எஞ்சிய நைதரசன் குமிழ்களாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். தரிப்பு நிறுத்தம் (நைதரசன் வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் இடையே தரித்து நிற்பது) தேவைப்படாத ஒரே ஒரு சுழியோட்டத்துக்குப் பின் 12 மணித்தியாலம், ஒரே நாளில் பல முறையோ பல நாட்கள் தொடர்ந்தோ இறங்கினால் 18 மணித்தியாலம், தரிப்பு நிறுத்தம் வேண்டிய ஆழச் சுழியோட்டமானால் அதைவிட நன்கு கூடுதலாக என்பது சுழியோடிகளின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க் வகுத்த குறைந்தபட்ச வழிகாட்டல். விடுமுறையில் போகிறவர் எவரும் ஒருமுறை இறங்கிவிட்டு நிறுத்துவதில்லை. ஆகவே 18 மணித்தியாலம் என்றே கணக்குப் போட வேண்டும். 30 மீற்றருக்குக் கீழே பொழுதுபோக்குச் சுழியோட்டத்தை மாலைதீவு விதிகள் அனுமதிக்காததால் அங்கே அந்தக் கணக்குப் பெரும்பாலும் போதும்.

இப்போது ஒரு வார விடுமுறையை இதில் பொருத்திப் பாருங்கள். ஹேவ்லாக்குக்குப் போவதானால் கட்டுநாயக்கவிலிருந்தோ பலாலியிலிருந்தோ சென்னை, அங்கே பெரும்பாலும் ஓர் இரவு, மறுநாள் போர்ட் பிளேயர், அதன்பின் கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் என்று, மூன்றாம் நாள் காலையில்தான் முதன்முறையாக நீரில் இறங்க முடியும். திரும்பும்போது கடைசிக் கப்பல் மாலைக்குள் புறப்பட்டுவிடும். மறுநாள் காலை 9 மணிக்கு விமானம் என்றால் முந்தின நாள் பிற்பகல் 3 மணிக்கு முன்பே கரையேறியிருக்க வேண்டும். கழிக்க வேண்டிய நேரம் கப்பலிலும் போர்ட் பிளேயர் அறையிலும் கழிந்துவிடுவது ஆறுதல்தான். ஆனாலும் முழுமையாகச் சுழியோடக் கிடைப்பது மூன்று நாளைத் தாண்டாது.

திகுராவுக்கோ, கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்கு ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து ஸ்பீட் போட்டில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். திருகோணமலையிலிருந்து இரவு பஸ் பிடித்தால் மறுநாள் மாலைக்குள் திகுராவில் இருக்கலாம். படகு கடல்மட்டத்திலேயே ஓடுவதால் திரும்பும் பயணத்தில் அதுவும் அந்த 18 மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடுகிறது. மாலேயிலிருந்து இரவு விமானம் எடுத்தால் முந்தின நாள் அந்திச் சுழியோட்டத்தையும் தயக்கமின்றி முடிக்கலாம். இதே காரணத்தால்தான் புலிச் சுறாக்களுக்குப் பெயர்போன ஃபுவமுலாவை, ஆசை இருந்தும், கைவிட்டேன். அது தெற்கே வெகுதூரத்தில் இருப்பதால் உள்நாட்டு விமானத்தில்தான் போய்வர வேண்டும். கணக்கு அந்த விமானத்திலிருந்தே தொடங்கிவிடும். தாழப் பறக்கும் கடல்விமானத்தையும் விமானமாகவே எண்ணுவதுதான் பாதுகாப்பு.

மாலைதீவுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அட்டோல் வாய்களில் நீரோட்டம் ஆற்றுவெள்ளம் போல இழுக்கும். அண்மையில் பயிற்சி முடித்தவருக்கு ஹேவ்லாக்கின் ஆழமற்ற இடங்களே உகந்தவை என்பது அங்கு போனவர்களின் கருத்து, அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் எங்கு போவதானாலும் அடிப்படைப் பயிற்சியை வைகாசி, ஆனி மாதங்களில் நிலாவெளியிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. டொலர் கொடுத்துத் தங்கும் நாட்களை முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றக் கற்பதில் செலவழிக்க வேண்டியதில்லை.

பதிவு செய்யும்போது திரும்பும் விமானத்தை முதலில் உறுதிசெய்து, அதிலிருந்து 18 மணித்தியாலம் பின்னோக்கி எண்ணி, பின்னர் படகையும் அறையையும் பிடியுங்கள். மாலைதீவில் வெள்ளிக்கிழமைகளில் படகுச் சேவை குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். ஊர் திரும்பும் வழியில் நுவரெலியாவுக்கும் போய்வர எண்ணுபவர்கள், அந்த நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், மலையேறுவதற்கும் இதே கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.